காமன் மீண்ட கதை: மலையகத்தில் மனநோவும் மீட்சியும் – ஓர் இலக்கிய வரலாற்று நோக்கு

மலையகத் தமிழிலக்கியத்தை ஆராயப் புகுந்தோர் கூலி, கடன், குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய பொருள்களை விரிவாகவே நோக்கியுள்ளனர். அது வேண்டியதே. ஆயின் அக்கூலியையும் கடனையும் சுமந்த மக்களின் மனம் எவ்வாறு உடைந்தது, உடைந்த மனம் எதைப் பற்றிக்கொண்டு எழுந்தது என்னும் வினாவை நமது விமரிசன மரபு அரிதாகவே எழுப்பிற்று. மனநோவு என்பது தனிமனிதரின் அகச் சிக்கல், அதனை எழுதுவது நடுத்தர வர்க்கத்துச் சொகுசு என்ற எண்ணம் முற்போக்கு முகாமில் நீண்டகாலம் நிலவியது. அம்முகாமிலேயே வளர்ந்தவன் என்ற முறையில் இதனைச் சொல்லும் கடப்பாடு இக்கட்டுரையாளனுக்கு உண்டு. உழைப்பாளி தன் உழைப்பிலிருந்தும், சக மனிதரிடமிருந்தும், தன்னிலிருந்தும் அந்நியமாதல் பற்றி 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் எழுதியதை மேற்கோள் காட்டத் தயங்காத நாம், அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு லயத்துக் காம்பராவில் அந்த அந்நியமாதல் எந்த உருவில் வெளிப்பட்டது என்று கேட்கத் தயங்கினோம்.

இதற்கொரு தொடக்கப் புள்ளியாகப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைக் கொள்ளலாம். 1935இல் மணிக்கொடியில் வெளிவந்த இந்நெடுங்கதை, நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் மருதி என்னும் பெண்ணின் உடலும் மனமும் சிதையும் வரலாற்றைச் சொல்வது. கதையின் தலைப்போ பாரதியாருடையது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களைப் பற்றி அவர் பாடிய பாடலில் இத்தொடர் வருகின்றது. பிஜியைப் பற்றிய சொல்லை இலங்கைக்கு மாற்றியதில் ஓர் உண்மை உண்டு. இரண்டும் ஒரே ஏகாதிபத்தியத்தின் தோட்டங்கள். ஆயினும் அம்மாற்றம் ஒரு வேறுபாட்டை மறைத்தும் விடுகின்றது. நம் பொருளுக்கு அவ்வேறுபாடே முக்கியமானது.

பிஜிக்குச் சென்றவர்கள் பெரும்பாலும் தனியராய் ஒப்பந்தத்தில் பெயர் பதிந்து கப்பலேறியவர்கள். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் அவர்கள் அனுப்பப்பட்டனர். ஊர், உறவு, சாதி அனைத்தும் துறைமுகத்தோடு அறுந்தன. அங்கு நிகழ்ந்த தற்கொலைகளை 1915இல் நேரிற் சென்று விசாரித்த சி. எவ். அன்ட்ரூசும் பியர்சனும் தமது அறிக்கையில் வெளிப்படுத்தியமை, ஒப்பந்த முறைக்கு எதிரான கிளர்ச்சிக்கு உரமாயிற்று. அதே வேளையில் ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒருவரையொருவர் உடன்பிறந்தாராகக் கொள்ளும் புதியதோர் உறவும் அங்கு தோன்றியது. இரத்த உறவு அறுந்த இடத்தில் கப்பல் உறவு முளைத்தது எனலாம்.

இலங்கையின் நிலை வேறு. இங்கு ஆட்சேர்த்தவன் கங்காணி. அவன் தன் ஊரிலிருந்தே, தன் உறவினரையும் சாதியாரையும் அவர்களை அண்டியிருந்தோரையும் குடும்பம் குடும்பமாகத் திரட்டி வந்தான். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்த கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டு, 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் வந்த தேயிலைக் காலத்திலும் இம்முறையே நீடித்தது. ஆகவே தோட்டத்துக்கு வந்தவர் முழுத் தனியராய் வரவில்லை. மாமன் பக்கத்துக் காம்பராவில் இருந்தான்; சின்னம்மா அதே மலையில் கொழுந்தெடுத்தாள். ஆனால் அந்த மாமனின் பெயரிலும் சின்னம்மாவின் பெயரிலும் இருந்த கடன் முழுவதும் பெரிய கங்காணியின் கணக்கில் கிடந்தது. 1921இல் ஒழிக்கப்படும் வரை, கடன் தீர்ந்ததற்கான துண்டு இன்றி எவரும் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. மனத்தைத் தாங்கிய உறவும் மனிதனைக் கட்டிய கடனும் ஒரே கயிறாய் முறுக்கப்பட்டிருந்தன. மலையகத்தில் மனநோவின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இம்முரண்பாடே திறவுகோல்.

அரசும் தோட்ட நிருவாகமும் தொழிலாளியின் மனத்தை எவ்வாறு அறிந்தன? 1841இன் அலைந்து திரிவோர் சட்டமும், வேலை நீங்கிச் செல்வதைக் குற்றமாக்கிய 1865இன் தொழிற் சட்டமும் தோட்ட எல்லைக்கு வெளியே நடமாடும் தொழிலாளியைச் சந்தேகத்துக்குரியவனாக்கின. 1873இல் பித்தர் பற்றிய சட்டம் வந்தது. நீதவானின் கட்டளை, பொலிஸ் காவல், பின்னர் கொழும்பு என்பதே அது வகுத்த வழி. கொழும்பில் முன்னர் கறுவாத்தோட்டத்திலும், 1920களின் பிற்பகுதியிலிருந்து அங்கொடையிலும் பித்தர் விடுதி இயங்கியது. அட்டனிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், தன் மொழி வழங்காத சூழலில், குற்றவாளியைப் போலக் கொண்டு சேர்க்கப்பட்டவர் மீள்வதைச் சுற்றத்தார் எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயமே. அங்கொடை என்ற ஊர்ப்பெயர் நாடெங்கும் வசைச் சொல்லாகிவிட்டது. இவ்விடயத்தில் தமிழருக்கும் சிங்களவருக்கும் வேற்றுமை இல்லை.

தோட்டத்துக்குள் நிலைமை இன்னும் தெளிவு. 1872இலும் பின்னரும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைச் சட்டங்களின் கீழ் டிஸ்பென்சரிகளும் வைத்தியசாலைகளும் ஏற்பட்டன. 1916இல் ரொக்பெலர் நிறுவனத்தின் உதவியோடு கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. கொளுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சியது. இரத்தம் குறைந்தவர் குறைவாக வேலை செய்தார். ஆகவே அது தோட்டத்துரையின் கவனத்துக்குரிய நோயாயிற்று. காலைப் பெரட்டில் வந்து நின்று, கூடை கட்டி, நிறைக்குக் குறையாமல் கொழுந்தெடுத்த பெண் இரவெல்லாம் உறங்காதவளாய் இருந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. மூலதனம் எண்ணிய நோய்களையே மருத்துவமும் எண்ணிற்று.

பதிவேட்டில் ஏறாத நோய்க்கு மக்கள் தமது மொழியில் பெயரிட்டனர். பயந்த கோளாறு, காற்றுக் கருப்பு, முனி அடித்தது என்பன அப்பெயர்கள். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மலையகத்தில் வழிபடப்பெற்ற தெய்வங்களை நோக்குமிடத்து வியப்பான ஒன்று புலப்படும். ஊரிலிருந்து உடன் வந்த மாரியம்மனும் மாடசாமியும் மட்டுமல்லர், தோட்டத்திலேயே பிறந்த தெய்வங்களும் உள்ளன. தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்குக் காவலாக ரோதை முனி, தேயிலைச் செடியை வெட்டிச் சீர்செய்யும் காலத்துக்குக் கவ்வாத்துச் சாமி. ரோதை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஐரோப்பியனின் இயந்திரம் ஒரு முனியாக மாறித் தொழிலாளியின் மீது இறங்குகின்றது. பண்டத்துக்குள் மறைந்த சமூக உறவு பண்டத்தின் மாயசக்தியாகத் தோன்றுவதைப் பற்றி மூலதனம் முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கியதை, தொழிலாளர் தமது புராண மொழியில் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். கோடாங்கி உடுக்கடித்து 'உன்னைப் பிடித்தது யார்' என்று கேட்டபோது, நோயாளிக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று தொழிற்சாலையாக இருந்தது.

எனினும் கோடாங்கியின் உடுக்கைவிட ஆழமான மீட்சிக் கதை மலையகத்தில் ஆண்டுதோறும் நிகழ்ந்து வந்திருக்கின்றது. அது காமன் கூத்து. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு மலையகத்தின் முதன்மையான மூன்று கூத்துக்களுள் ஒன்றான இதனைச் சடங்காகவும் நாட்டார் அரங்காகவும் ஆய்ந்த எழுத்துக்கள் உண்டு. மனநோவிலிருந்து மீளும் கதையாக அதனைப் படித்தல் இங்கு நம் நோக்கம்.

மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படுகின்றது. வேடம் புனைவோர் விரதம் இருப்பர். பகலெல்லாம் மலையில் வேலை, இரவில் தப்பொலியும் ஆட்டமும். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நிகழும். தவத்திலிருக்கும் சிவனைக் கலைக்க ஓலை வரும். ரதி போகாதே என்று தடுப்பாள். தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லுவாள். மன்மதன் போவான், எரிவான். பூரணை இரவில் எரியூட்டப்பட்டபின் ரதி அழுவாள். ரதியாக ஆடுபவன் ஆண். ஆயினும் அவன் எடுக்கும் ஒப்பாரி பெண்களின் ஒப்பாரி. சூழ்ந்து நிற்கும் பெண்கள் அதற்கு அழுவது ரதிக்காக மட்டுமென்று சொல்ல இயலாது. குழந்தையை இழந்தவளும், கணவனை இழந்தவளும், கடல் கடந்து போன உடன்பிறந்தாளை இழந்தவளும் அங்கு நிற்பார்கள். மூன்றாம் நாள் மன்மதன் உயிர்த்தெழுவான். ஆனால் எழுந்தவன் முன்னைய மன்மதன் அல்லன். அவனுக்கு உடல் இல்லை; ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான்.

இம்முடிவு கவனத்துக்குரியது. இழந்தது இழந்தபடியே திரும்பக் கிடைத்தது என்று கூத்து பொய் சொல்லவில்லை. இறந்தவன் மற்றவர்க்கு இல்லை, அவளுக்கு உண்டு என்ற உடன்படிக்கையோடு வாழ்வு தொடர்கின்றது. துயருற்றவர் இழப்பை மறந்து அன்று, அதற்கொரு புதிய இடம் கொடுத்தே மீள்கிறார் என்று நவீன உளவியலாளர் பலர் சொல்வதை இக்கூத்து வேறு மொழியில் முன்னரே சொல்லிவிட்டது. ரதி அதனைத் தனியே அடையவில்லை என்பதும் முக்கியம். ஒரு தோட்டமே கூடி நின்று பல இரவுகள் அவளோடு விழித்திருந்தபின்னரே அவளுக்கு வரம் கிடைக்கின்றது.

கங்காணி முறை தந்த உறவுக் கயிற்றைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். அக்கயிறு அறுந்தது 1964இல். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இரண்டு மாதங்கூட ஆகாமல், அவ்வாண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அக்கரை செல்லும் வழியே இராமேசுவரத்துக்கு மாறிற்று. வழி மாறியதே தவிர, பிரிவு நிற்கவில்லை. ஒரே காம்பராவில் தந்தைக்கு ஒரு நாடும் மகனுக்கு ஒரு நாடும் விதிக்கப்பட்டன. விண்ணப்பம் செய்த நாளும் படிவத்தில் எழுதப்பட்ட பெயரும் ஒரு குடும்பத்தின் எல்லைகளாயின. அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அப்பெயரையே இட்டார். இலக்கிய விமரிசகர் எவரும் கண்டுபிடிக்காத படிமம் அது. பிளாட்பாரத்தில் நின்றவர்களே படைத்தது. சாவு வீட்டில் எடுக்க வேண்டிய ஒப்பாரியை உயிரோடிருப்பவர்க்கு எடுக்க வேண்டி வந்தது.

பிஜியில் துறைமுகத்தில் நிகழ்ந்தது மலையகத்தில் நான்கைந்து தலைமுறைக்குப் பின் புகைவண்டி நிலையத்தில் நிகழ்ந்தது. ஒப்பீட்டை மேலும் நீட்டலாம். உறவு அறுந்தவர் இங்கும் எதிர்பாராத இடங்களில் புது உறவு தேடினர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையே மெல்லிய சுவர்தான். இருமலும் அழுகையும் அதனூடே கேட்கும். சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்களில், குடும்பங்கள் கடல் கடந்தபின் காலியான காம்பராக்களுக்கு வேறு சாதியார் குடிவந்தனர். மகள் அக்கரை போய்விட்ட கிழவிக்கு, முன்னர் தண்ணீர் வாங்கிக் குடித்திராத வீட்டுப் பெண் கஞ்சி வைத்துக் கொடுக்கும் நிலை அவ்வாறு உருவாயிற்று. 1977 வன்செயலுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களுக்கும், 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தின்வழி நீலகிரியில் குடியமர்ந்தவர்களுக்கும் அத்தகைய அயலுறவே முதல் மருந்தாயிருந்திருக்கும். சொந்த ஊர் எனச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட நாட்டில் அவர்கள் 'சிலோன்காரர்' எனப்பட்டார்கள் என்பதையும் மறத்தலாகாது.

எழுத்திலக்கியம் இதனை எவ்வளவு பதிவு செய்தது? கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) ஒரு பெண்ணின் வாழ்வினூடே தோட்டத்துத் துயரின் தொடர்ச்சியைக் காட்டியது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' தொழிற்சங்கம் கட்ட முயன்றவன் வீடிழந்து அலைவதைச் சொன்னது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தெடுக்கும் பெண்ணின் தன்மான உணர்வைக் கதையின் மையத்துக்குக் கொணர்ந்தது. நம் பொருளுக்கு மிக நெருங்கியது தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' என்ற சிறுகதை. ஒற்றைக் காம்பராவில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் படுத்துறங்கும் நெருக்கடி, அந்த இருட்டில் ஒரு தந்தைக்கு நேரும் தவறு, அதன்பின் அவனை அரிக்கும் அவமானம் – இவையே கதை. அவன் மனத்தின் வேதனைக்குக் காரணம் அவனது குணக்கேடு அன்று, கட்டடத்தின் அளவு. தோட்டக் கம்பனி எத்தனை சதுர அடியில் ஒரு குடும்பத்தை அடைத்தது என்ற பொருளாதாரக் கேள்விக்கும் ஒரு மனிதன் தன் மகளின் முகத்தை நோக்க முடியாமற் போன அகநிலைக்கும் இடையே கோடு கிழிக்க இயலாது என்பதை எந்தக் கோட்பாட்டு நூலையும்விட இக்கதை தெளிவாகக் காட்டுகின்றது. நமது விமரிசகருட் சிலர் இத்தகைய எழுத்தைப் பாலியல் விரசம் என்று சந்தேகித்ததுண்டு. அது தவறான வாசிப்பு.

ஆனால் இவ்வெழுத்துக்கள் உடைவைச் சொன்ன அளவுக்கு மீட்சியைச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துயரக் கதையின் முடிவில் ஒன்று சாவு, அன்றேல் சங்கத்தின் கொடி. இரண்டுக்கும் இடையே, மறுநாட் காலையில் எழுந்து மீண்டும் பெரட்டுக்குப் போனவளின் கதை விடுபட்டுவிட்டது. அதனைக் காமன் பொட்டலிலும் இழவு வீட்டுத் திண்ணையிலுமே தேட வேண்டியுள்ளது.

இவ்விடத்தில் அல்ஜீரிய அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1953இல் பிளிடா மனநோய் வைத்தியசாலையில் பொறுப்பேற்ற பிரான்ஸ் ஃபனன், நோயாளரின் கூட்டங்கள், இசை நிகழ்ச்சிகள், பத்திரிகை என ஐரோப்பாவிற் கற்ற சமூகச் சிகிச்சையை நடைமுறைப்படுத்தினார். ஐரோப்பியப் பெண்களின் விடுதியில் அது பலனளித்தது. அல்ஜீரிய முஸ்லிம் ஆண்களின் விடுதியில் தோற்றது. தோல்வி நோயாளருடையதன்று, தம்முடையது என்பதை ஃபனன் உணர்ந்தார். பின்னர் விடுதிக்குள் அம்மக்களின் வழக்கப்படியான கோப்பிக்கடை திறக்கப்பட்டது, அவர்களின் பெருநாள்கள் கொண்டாடப்பட்டன, ஊர்க் கதைசொல்லி ஒருவர் வரவழைக்கப்பட்டார். 1954இல் அசூலேயுடன் இணைந்து எழுதிய கட்டுரையில் இதனை அவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். கதைசொல்லியை வைத்தியசாலைக்கு அழைத்த ஒரு புரட்சியாளர் இருந்திருக்க, நாம் காமன் கூத்தை வெறும் நிலவுடைமை எச்சமென்று எழுதிக்கொண்டிருந்தோம்.

இதனால் கூத்தையும் அயலுறவையும் இலட்சியப்படுத்திவிடலாகாது. தப்படித்தவருக்குத் தனி லயம் ஒதுக்கிய சமூகமே அத்தப்பொலிக்கு ஆடிற்று. ரதியின் துயரை ஆண் ஆடினான். பெண் பார்வையாளராகவே நின்றாள். பேயோட்டலில் சாட்டையடி பட்டவர் பெரும்பாலும் பெண்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டமை தோட்டக் கம்பனிக்குச் செலவில்லாத சேவையாக அமைந்தது. தேறியவர் மறுநாள் கொழுந்தெடுக்க வந்தார். உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தியில் ஒப்பாரிக்கும் ஒரு பங்குண்டு என்பதை மறுக்க முடியாது.

சட்டமும் அரசும் செய்யக்கூடியவை உண்டென்பதற்கும் அண்மைய வரலாறு சான்று பகர்கின்றது. இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என உச்சத்தைத் தொட்டது. 1990களின் நடுப்பகுதி முதல் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், இருபதாண்டுகளுள் அது மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட தண்டனைச் சட்டப் பிரிவு 1998இல் நீக்கப்பட்டது. உயிர் பிழைத்தவரைப் பொலிசுக்குப் பயந்து மறைக்க வேண்டிய தேவை அத்துடன் ஒழிந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. ஆனால் 1873இன் பித்தர் சட்டம் 1956இல் சில திருத்தங்கள் பெற்று, பெயரும் மாறி, இந்நூற்றாண்டிலும் நடைமுறையில் இருந்தது. தோட்டப்புறத்தில் தமிழ் பேசும் மருத்துவரின் பற்றாக்குறையும் தொடர்ந்தது. தன் துயரைச் சொல்லவந்த பெண், அதனை முதலில் தன் பிள்ளைக்கோ சிற்றூழியருக்கோ சொல்லி, அவர் அதை வைத்தியருக்கு மொழிபெயர்க்கக் கேட்டிருக்கும் நிலை பற்றி நாம் சிந்திக்க வேண்டும்.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. அத்தொகுப்பு தொடங்கிய பணியை இன்னொரு திசையிலும் நீட்டலாம். தோட்டந்தோறும் காமன் பொட்டலில் ரதி வேடம் பூண்ட முதியோரும், 1960களிலும் 70களிலும் ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பிய பெண்களும் இன்னும் சிலரேனும் இருக்கிறார்கள். அவர்கள் என்ன பாடினார்கள் என்பதை ஓரளவு சேகரித்துவிட்டோம். பாடி முடித்த மறுநாள் யார் வீட்டில் உலை வைத்தார்கள், யார் அருகில் வந்து அமர்ந்தார்கள், எந்த மாதம் மீண்டும் கூடை கட்டினார்கள் என்பதை எவரும் இன்னும் கேட்டு எழுதவில்லை.